தோட்டக் குழு வைத்தால் வெயில் குறையுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் உங்கள் குடியிருப்பில் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு தோட்டக் குழு நடத்துகிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி விதையும் நாற்றும் மாற்றிக்கொள்கிறீர்கள். போன வருடம் கத்திரி வெயிலில் பாதிச் செடி கருகியது, மீதி ஐப்பசி மழையில் அழுகியது. இனி பருவநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி தோட்டத்தை மாற்றலாம் என்று குழுவில் ஒரு தரப்பு சொல்கிறது. "நாலு தொட்டி வைத்து உலகத்தையே குளிரவைக்கப் போகிறீர்களா" என்று இன்னொரு தரப்பு சிரிக்கிறது. யார் சொல்வது சரி, முதலில் எதில் கை வைப்பது என்பதுதான் கேள்வி.

சிரிக்கிறவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் தோட்டக்கலை படித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதுவே பிழைப்பு. கடைசிப் பதினோரு வருடமாக, சென்னையின் தென்கோடியில் எங்கள் தெருக் குழுவில் விதை டப்பாவும் நோட்டும் என் பொறுப்பில் இருக்கின்றன. அதனால் கீழே வருவதெல்லாம் கடலோரச் சமவெளிக் கணக்கு. கோவைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊட்டிக்காரர்கள் எடுக்கவே வேண்டாம்.

செடி கரியமில வாயுவை இழுக்கிறது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழுத்தது எத்தனை நாள் தங்குகிறது? கத்தரிக்காயைச் சமைத்துச் சாப்பிட்டால் அன்று ராத்திரியே மூச்சாக வெளியே போகத் தொடங்கிவிடும். செடியைப் பிடுங்கி உரக்குழியில் போட்டால் ஆறு மாதத்தில் பெரும்பகுதி திரும்பக் காற்றுக்கே போய்விடும். வருடக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது மரம், கொஞ்சம் மண். இந்தப் பக்கம், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. பதினைந்து பேரும் தனித்தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு நர்சரிக்கு ரெண்டு முறை போய் வந்தால், மாடித் தக்காளி சேர்த்ததெல்லாம் அந்தப் புகையிலேயே கழிந்துவிடும். ஆகவே "கார்பனைக் குறைக்கிறோம்" என்று பேனர் அடிக்க வேண்டாம். நர்சரிக்கு ஒரே வண்டியில் போய் வாருங்கள்.

குளிர்ச்சி விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். செடியும் நிழல்வலையும் இருக்கிற இடத்தில் மாடித் தளம் சூடாவது குறையும். மே மாதம் மூன்று மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி இங்கே, ஓர் அடி அங்கே வைத்தாலே தெரியும். கீழ் அறையில் எத்தனை டிகிரி குறையும் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். தளத்தின் தடிமன், மேலே ஓடு பதித்திருக்கிறதா, எவ்வளவு இடத்தில் நிழல் விழுகிறது என்று வீட்டுக்கு வீடு அது மாறும். தெருவே குளிரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைச் செய்வது தெருவில் நிற்கிற புங்கனும் பூவரசும்தான்.

அப்படியானால் குழு எதற்கு? வெயிலை நாம் குறைக்க முடியாது. ஆனால் மாறுகிற வெயிலுக்கும் மழைக்கும் ஒரு தெரு எப்படிப் பழகிக்கொள்வது என்பதை ஒரே வீடு தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. பதினைந்து வீடு சேர்ந்தால் முடியும். அதற்கு வேண்டியது மூன்று: நோட்டு, தண்ணீர்க் கணக்கு, காய்ந்த இலை.

நோட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம் ஆட்கள் கல்வெட்டு மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள், அல்லது பருவமெல்லாம் மாறிவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். ரெண்டும் தப்பு. ஒரு பட்டத்துக்குள், அதாவது ஒரு விதைப்புக் காலத்துக்குள், ரெண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று மழையும் சூடும், இது வருடத்துக்கு வருடம் ஆடும். மற்றது பகலின் நீளம். அது பூமி சுற்றுவதில் வருவது, எந்தப் பருவநிலை மாற்றமும் அதைத் தொடாது. சென்னையில் ஆனி மாத நீண்ட பகலுக்கும் மார்கழிக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதைக்கூடக் கொடி அவரை துல்லியமாக உணர்ந்துகொள்ளும். பழைய கொடி அவரை ரகங்களும் சிறகு அவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். தை மாதம் விதைத்தால் பந்தல் நிறையக் கொடி ஓடும், பூ வராது. "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவோம். இவற்றுக்கு ஆடிப்பட்டம் இன்றைக்கும் சரி, உங்கள் பேரன் காலத்திலும் சரியாகவே இருக்கும். குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை.

தக்காளி கதை வேறு. அதற்குப் பகல் நீளம் பொருட்டில்லை, ராத்திரிச் சூடுதான் பிரச்சினை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப்போகும். பூ காம்போடு உதிரும். பங்குனி முடியும்போது நம் பக்கம் இதுதான் நிலைமை. உரம், டானிக், மோர் எதைத் தெளித்தாலும் ராத்திரி குளிராது. சரி, முன்னாலேயே நட்டுவிடலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரை அழுகவைக்கிறது. எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழி வந்தது, வந்தது நோட்டிலிருந்துதான். முதல் நாலு வருடம் புரட்டாசியில் நட்டவர்கள், கார்த்திகைக் கடைசியில் நட்டவர்கள் என்று தேதியோடு எழுதி வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால், ஐப்பசியில் விதைத்து நாற்றைத் தாழ்வாரத்திலேயே வளர்த்து, பெருமழை ஓய்ந்ததும் மாடிக்கு ஏற்றியவர்களுக்குத்தான் தையிலும் மாசியிலும் கூடை நிறைந்திருந்தது. எந்தப் புத்தகமும் எங்கள் தெருவுக்கென்று இதைச் சொல்லியிருக்காது.

அந்த நோட்டில் என்ன எழுதுவது? விதைத்த தேதி, முதல் பூ, முதல் காய், எந்தப் பூச்சி எப்போது வந்தது, மழை எவ்வளவு. மழைக்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில், சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். நின்ற தண்ணீரின் உயரம்தான் மழையளவு. எங்கள் டப்பாவைப் பார்த்துக்கொள்வது எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். அவள் பரீட்சைக்குப் படிக்கிற மாதங்களில் மட்டும் நோட்டில் ஓட்டை விழும்.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து வருட நோட்டை வைத்துக்கொண்டு "பருவமே மாறிவிட்டது பார்" என்று முடிவு கட்டாதீர்கள். வானிலை ஆட்கள் முப்பது வருடச் சராசரியைத்தான் ஓர் ஊரின் பருவநிலை என்கிறார்கள். எங்கள் பதினோரு வருடமே போதாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிற வாய்ப்பு கூடுகிறது. சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது. தோட்டத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் தயார் செய்ய முடியாது. தண்ணீர் நிற்காமல் வடியவும் வேண்டும், இல்லாதபோது தாக்குப்பிடிக்கவும் வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சென்னையின் வருட மழை சுமார் 140 சென்டிமீட்டர், அப்படியானால் ஒரு மாடிக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டருக்கு மேல். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், நமக்குத் தேவையே இல்லாத நேரத்தில் கொட்டுகிறது. ஐந்நூறு லிட்டர் டிரம் வாங்கி வைத்தால் ஒரே மழையில் நிறையும். மே மாதத்தில் செடி வளர்க்கிற ஐம்பது பைக்கு ஒரு வாரம் வரலாம், அவ்வளவுதான். அதனால் டிரம்மில் காசைப் போடுவதைவிட மழைநீரை நிலத்துக்குள் அனுப்புவது மேல். 2003-லிருந்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் குடியிருப்பிலும் ஒரு குழி இருக்கும். கடைசியாக எப்போது திறந்தீர்கள்? நாங்கள் முதல்முறை திறந்தபோது ஜல்லியே தெரியவில்லை. இலையும் மணலும் இறுகி, நடுவில் ஒரு ஷாம்பு பாக்கெட்டோடு, கேக் மாதிரி இருந்தது. ஆவணி கடைசியில் குழியைத் திறந்து ஜல்லியை அள்ளிக் கழுவி மறுபடி போடுவது எங்கள் குழுவின் வருடாந்தரக் கூத்து. செடியோடு சம்பந்தமே இல்லாத வேலை மாதிரி தெரியும்.

அன்றாடம் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் பலர் கோட்டைவிடுகிறார்கள். குடிநீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவார்கள். அதில் வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டிருக்கிறது. தரையில் இருந்தால் மழை கழுவிவிடும், பைக்குள் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இல்லை, தாராளமாக ஊற்றலாம். எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு விரலைவிடச் சிறந்த கருவி இல்லை. ரெண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மதியம் செடி துவண்டு நிற்பதைப் பார்த்து மனம் பதறி ஊற்றாதீர்கள். சாயந்திரம் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை. நிமிராவிட்டால்தான் தாகம், அல்லது வேரழுகல். மண்ணின் மேல் ரெண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டு, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். மழைக் காலத்தில் அதையே மெல்லிசாக்க வேண்டும், இல்லாவிட்டால் நத்தை குடும்பத்தோடு குடியேறும். பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். நம் சூட்டில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு தெருவில் டெங்கு வந்தால் முதல் பழி மாடித்தோட்டத்தின் மேல்தான் விழும், அது நியாயமாகவும் இருக்கலாம்.

எங்கள் மடத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வந்தோம். ஊறவைத்தோம், உரம் கலந்தோம், நட்டோம். மூன்றாவது வாரம் வெண்டை இலையின் ஓரமெல்லாம் பழுப்பாகி, ஊதுபத்தியால் சுட்ட மாதிரி சுருண்டது. வெயில் என்று நினைத்து நிழல்வலை கட்டினோம். சரியாகவில்லை. ஒருநாள் பைக்கு அடியில் வடிந்து காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடியைப் பார்த்தபோதுதான், படித்தவனான எனக்கே, உறைத்தது. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு, ஊறவைத்து ரெண்டு மூன்று தடவை அலசி வடித்துத்தான் பயன்படுத்த வேண்டும். வெயிலின் மேல் போட்ட பழியில் பாதி உப்பின் மேல் போட வேண்டியது. போன வருடம் உங்களுக்குக் கருகியதிலும் இது கொஞ்சம் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். இலை நடுவில் வெளிறிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தால் வெயில், ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள்.

காய்ந்த இலை விஷயத்தில் மட்டும், பருவநிலைக்கே நேரடியாக ஏதோ செய்கிறோம் என்று தைரியமாகச் சொல்லலாம். நம் சமையலறைக் கழிவு பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரிக் குப்பைமேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதே கழிவு வீட்டில் காற்றோட்டமாக மக்கினால் மீத்தேன் மிகக் குறைவு. ஆனால் காய்கறித் தோலை மட்டும் டப்பாவில் அடைத்தால் நாறிவிடும், பக்கத்து வீட்டில் சண்டை வரும், ஆட்கள் ரெண்டே மாதத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு ரெண்டு பங்கு காய்ந்த இலை வேண்டும். மாடி வீட்டுக்காரர் இலைக்கு எங்கே போவார்? தெரு மரங்கள் தை, மாசியில் இலை கொட்டும்போது பெருக்கிக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்த நாலைந்து வாரம் எங்கள் ஆட்கள் கோணிப்பையோடு காலையில் கிளம்பிவிடுவார்கள். பெருக்குகிற அக்காக்களிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டோம், இப்போது அவர்களே தனியாகக் குவித்து வைக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்து மூலையில் மூட்டைகளை அடுக்கி, வருடம் முழுக்க வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாற்றம் வந்தால் இன்னும் ரெண்டு கை இலை, காய்ந்து கிடந்தால் ஒரு சொம்புத் தண்ணீர். இதற்கு மேல் உரம் போடுவதில் வித்தை எதுவும் இல்லை.

நீங்கள் விதையும் நாற்றும் மாற்றிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மருந்தடித்துக் கட்டுப்படவில்லை. அதற்கென்றே உள்ள சிறு குளவி ஒன்றை 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் கையிலிருக்கும் நாற்றில்தான். எங்கள் குழுவில் ஒருவர் அன்பாகக் கொடுத்த செம்பருத்திக் குச்சி ஒன்பது வீட்டுக்கு மாவுப்பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது எந்தச் செடி வந்தாலும் ரெண்டு வாரம் தனியாக வைத்து, இலைக்கு அடியைப் பார்த்த பிறகே சேர்ப்போம். விதையில் இந்தக் கவலை குறைவு, வேறு கவலை உண்டு. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், எடுத்த விதை தாயைப் போலவே வரும். பூசணி, பீர்க்கு வகைகளைத் தேனீ கலந்துவிடும். கத்தரியும் மிளகாயும் ஓரளவு கலக்கும். வேலூர் முள்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோருக்கும் அந்த விதை வேண்டும். பக்கத்தில் நீளக் கத்தரியும் இருக்கிற மாடியில் எடுத்த விதையை 'வேலூர் முள்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பூ விரியும் முன் ஒரு சின்ன வலைப்பையைக் கட்டி, அந்தக் காயிலிருந்து விதை எடுத்தால் போதும்.

இனி, நான் அடித்துச் சொல்ல மாட்டாதவை. பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேமோர் கரைசல் என்று செடி வளரத் தெளிக்கிற இயற்கைக் கரைசலெல்லாம் நானும் தெளிக்கிறேன், செடி தெளிச்சியாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் நம் ஆட்கள் அன்றைக்குத்தான் களையும் எடுத்து, உரமும் வைத்து, தண்ணீரும் ஊற்றியிருப்பார்கள். எது வேலை செய்தது? பக்கத்தில் தெளிக்காத நாலு பை வைத்து நோட்டில் எழுதினால்தான் தெரியும். நாட்டு ரகம் என்றாலே வெயில் தாங்கும் என்பதும் அப்படித்தான். சிலது தாங்கும், சிலது மலையடிவாரத்து ரகம், உங்கள் மாடியில் வாடும். வளர்பிறை, தேய்பிறை பார்த்து விதைப்பவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மாடியின் பாரம் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஓர் அடி அகலப் பை நனைந்தால் இருபது கிலோவைத் தாண்டும், பழைய கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளர் வந்து பார்க்காமல் நூறு பை ஏற்ற வேண்டாம். சுவரும் உத்தரமும் போகிற கோட்டில் வைப்பது பொதுவாக நல்லது என்பதோடு என் அறிவு முடிகிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் குழுவாக இருப்பதால் சொல்கிறேன். 2016 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களைப் பார்த்தவன் நான். விழுந்தவற்றில் பலவற்றின் அடிவரைக்கும் சிமென்ட் போட்டு, குழாய்க்குத் தோண்டும்போது ஒரு பக்க வேரையும் வெட்டியிருந்தார்கள். உங்கள் வாசலில் நிற்கிற மரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது சிமென்டை உடைத்து மண்ணைத் திறந்துவிட அனுமதி கேளுங்கள். புதிதாக நூறு கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதைவிட அது கடினம். எங்களுக்கு ஒரு மரத்துக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஆக, அடுத்த ஞாயிறு கூடும்போது டப்பாவும் நோட்டும் யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள், மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள். மற்றது எதற்கும் அவசரமில்லை. எந்தச் செடியை எந்த மாதம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல, உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆர்.ஓ. பழுது பார்க்க வருகிறவரிடம் அந்தக் கருவி இருக்கும், கேட்டு எழுதுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் நான் சொல்லக்கூடிய பட்டியலே வேறு.